பழைய வார் ஃபைலுக்கு எந்த பில்ட் டூல்: ஆன்ட், மேவன், கிரேடில்

எழுதிய கோடைச் சர்வரில் வைக்கத்தக்க ஃபைலாகக் கட்டித் தருவதுதான் பில்ட் டூல். எங்களுடையது ஆன்ட், அதை விட்டு வெளியே வரவேண்டும் என்பதில் எங்கள் டீமில் கருத்து வேறுபாடே இல்லை, எங்கே போவது என்பதில்தான் சண்டை.

ஐந்து பேர் டீம். பதினைந்து வருடப் பழைய ஜாவா வெப் அப்ளிகேஷன் ஒன்று, சர்வரில் அதை ஓட்டுவது டாம்கேட் 9 என்ற மென்பொருள், அதற்குள் ஒரே ஒரு வார் ஃபைல். ஆன்ட்டின் பில்ட் எக்ஸ்எம்எல் ஆயிரம் வரிக்கு மேல் இருக்கும், அதை முதலில் எழுதியவர் வேலையை விட்டுப் போய் யுகமாகிறது. இரண்டு பேர் கிரேடில் என்றார்கள், இரண்டு பேர் மேவன் என்றார்கள், மிச்சம் இருந்தது நான். சும்மா இருக்காமல், ஒரு வாரம் கொடுங்கள், அதே அப்ளிகேஷனை மூன்றிலும் கட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நாங்கள் கடைசியில் மேவனுக்குப் போனோம். உங்களுக்கு அதே முடிவு பொருந்தாமல் போகலாம், எங்கே பொருந்தாது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வார் என்றால் என்ன என்பதில் தெளிவு வேண்டும், ஏனென்றால் இந்தச் சண்டையில் இறங்குகிறவர்களில் பலர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. அது ஒரு ஸிப் ஃபைல், அவ்வளவுதான். ஜாவா வெப் அப்ளிகேஷன்களுக்காக 1999இல் வந்த சர்வ்லெட் 2.2 விதிமுறையில் அந்த அமைப்பை வகுத்தார்கள், இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. மேல்மட்டத்தில் ஜேஎஸ்பி (பக்கங்களை உருவாக்கும் ஃபைல்கள்), படங்கள், ஸ்டைல் ஷீட்டுகள். வெப்-இன்ஃப் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் இருப்பதை பிரவுசரிலிருந்து நேரடியாகக் கேட்டு வாங்க முடியாது. அதன் உள்ளே கிளாசஸ் ஃபோல்டரில் நாம் எழுதிய கோட், லிப் ஃபோல்டரில் அடுத்தவர் எழுதிய ஜார்கள், அதாவது கட்டி வைத்த ஜாவா லைப்ரரிகள், கூடவே வெப் எக்ஸ்எம்எல் என்ற அமைப்பு ஃபைல் (2009இல் சர்வ்லெட் 3.0 வந்த பிறகு இது கட்டாயமில்லை). டாம்கேட்டின் வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் கொண்டுபோய் வைத்தால் ஃபைலின் பெயரே முகவரியாகிவிடும். பில்லிங் என்று பெயர் வைத்தால் ஸ்லாஷ் பில்லிங், பெரிய எழுத்தில் ரூட் என்று வைத்தால் வெறும் ஸ்லாஷ்.

மூன்று டூலும் கடைசியில் இந்த ஸிப்பைத்தான் கட்டித் தருகின்றன. கிளாசஸ் ஃபோல்டரில் எந்த வித்தியாசமும் வராது, கோடைக் கம்பைல் செய்யும் ஜாவாசி ஒன்றுதானே. அந்த லிப் ஃபோல்டருக்குள் எந்த ஜார் போகிறது, எது போகாமல் நிற்கிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் மூன்றும் மூன்று ஜாதி. நான் பார்த்த பில்ட் தகராறுகளில் முக்கால்வாசி இங்கேதான் வந்து முடிந்திருக்கின்றன, அதனால் ஒப்பிடவும் இதையே எடுத்துக்கொண்டேன். எழுதும் மொழி எக்ஸ்எம்எல்லா கோட்லினா என்பதெல்லாம் அப்புறம்.

ஆன்ட்டில் முடிவு செய்வது நீங்கள்தான், முழுக்க முழுக்க. ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் டாம்கேட்டை ஓப்பன் சோர்ஸ் ஆக்கும் வேலையில் இருந்தபோது, அதைக் கட்டுவதற்காகவே எழுதிய டூல் அது, 2000ஆம் ஆண்டு ஜூலையில் தனியாக வெளிவந்தது. வார் கட்டுவதற்கென்றே ஒரு டாஸ்க் அதில் உண்டு. எந்த ஃபோல்டரிலிருந்து கிளாஸ், எந்த ஃபோல்டரிலிருந்து ஜார், வெப் எக்ஸ்எம்எல் எங்கே என்று சொன்னால் அப்படியே ஸிப் செய்து கையில் கொடுக்கும். சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. இந்தக் குணத்தை நான் லேசாக நினைக்க மாட்டேன். எங்கள் பில்ட் ஃபைல் ஜாவா 6 காலத்திலிருந்து ஓடுகிறது, இடையில் உடையவே இல்லை என்று சொல்ல வரவில்லை, உடைந்தபோதெல்லாம் எந்த வரி என்று கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் 2021 டிசம்பர் வந்தது. லாக் எழுதும் லைப்ரரியான லாக்ஃபோர்ஜேயில் அந்தப் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியான வாரம் பலருக்கும் நினைவிருக்கும். 2.14.1 வரைக்கும் ஆபத்து, 2.15க்குப் போ என்றார்கள், சில நாளில் அது போதாது 2.16 என்றார்கள், அதுவும் ஆறுவதற்குள் 2.17. எங்கள் லிப் ஃபோல்டரில் நூற்றுச் சொச்சம் ஜார்கள், எல்லாம் கோடோடு சேர்த்து கிட் ரெப்போவில் செக்-இன் ஆனவை, நிறையவற்றின் பெயரில் வெர்ஷன் நம்பரே கிடையாது. யாரோ ஒரு புண்ணியவான் அழகாக இருக்கட்டும் என்று பெயரைச் சுருக்கி வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஜாராகத் திறந்து, மேனிஃபெஸ்ட் என்ற விவரக் குறிப்பைப் படித்து, அதிலும் வெர்ஷன் இல்லையென்றால் உள்ளே இருக்கும் கிளாஸ்களைப் பார்த்து ஊகித்து, இரண்டு ராத்திரி போனது. பக்கத்து டீம் மேவனில் டிபெண்டன்சி ட்ரீ (எந்த லைப்ரரி எதைச் சார்ந்தது என்ற பட்டியல்) என்று ஒரு கட்டளை அடித்துவிட்டு, எங்களிடம் 2.13 இருக்கிறது, இந்த இந்த லைப்ரரி வழியாக வருகிறது என்று டீ குடிக்கப் போகும் முன்பே பதில் அனுப்பிவிட்டார்கள். ஆன்ட்டை விட வேண்டும் என்ற முடிவு அன்றைக்கே ஆகிவிட்டது, அமல்படுத்தத்தான் இத்தனை காலம்.

ஐவி என்ற துணை டூலைச் சேர்த்துக்கொண்டால் ஆன்ட்டிலும் டிபெண்டன்சியை, அதாவது தேவைப்படும் லைப்ரரிகளை, ரெப்பாசிட்டரி என்ற கிடங்கிலிருந்து இறக்கலாம், உண்மைதான். இன்றைக்குப் புதிதாகச் சேரும் ஜூனியரிடம் போய் ஐவி கற்றுக்கொள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு விஷயம், உங்கள் அப்ளிகேஷன் இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் மூடப்படப் போகிறது என்றால் ஆன்ட்டிலேயே விட்டுவிடுங்கள். ஜார்களின் பெயரில் வெர்ஷனை மட்டும் உட்கார்ந்து எழுதிவிடுங்கள், அது போதும்.

மேவனுக்கு வருவோம். 2002இல் அப்பாச்சியின் டர்பைன் ப்ராஜெக்ட்டுக்குள் ஜேசன் வான் ஸில் தொடங்கியது, 2004இல் 1.0. டிபெண்டன்சியின் டிபெண்டன்சியையும் தானே இழுத்து வரும் இன்றைய வழக்கம் 2005இல் வந்த 2.0இலிருந்து. இங்கே லிப் ஃபோல்டரை முடிவு செய்வது ஒரு விதி, நீங்கள் அந்த விதிக்குத் தகவல் கொடுக்கிறீர்கள். பாம் ஃபைல் என்ற மேவனின் பில்ட் ஃபைலில் பேக்கேஜிங் வார் என்று ஒரு வரி, கோட் எஸ்ஆர்சி-மெயின்-ஜாவாவில், ஜேஎஸ்பி எல்லாம் எஸ்ஆர்சி-மெயின்-வெப்ஆப்பில், பேக்கேஜ் என்று கட்டளை அடித்தால் டார்கெட் ஃபோல்டரில் வார். எங்கள் ஆயிரம் வரி, டிபெண்டன்சிப் பட்டியலைத் தவிர்த்துப் பார்த்தால் அறுபது எழுபது வரிக்குள் அடங்கிவிட்டது. ஃபைல்களை இடம் மாற்றியதில்தான் ஒரு நாள் போயிற்று. மாற்றாமல் பழைய ஃபோல்டர்களையே காட்டவும் வழி உண்டு, ஆனால் அப்படிச் செய்தால் மேவனுக்குப் போவதன் பாதிப் பயன் போய்விடும், புதிதாக வருகிறவன் திறந்த உடனே எது எங்கே என்று தெரிந்துகொள்வதுதானே அதன் மதிப்பு.

இனி கடிக்கும் இடங்கள். முதல் கடி, முதல் பில்ட்டிலேயே. லேப்டாப்பில் ஜாவா 17, மேவன் 3.6, எந்த பிளகினுக்கும் (மேவனின் ஒவ்வொரு வேலையையும் செய்யும் துணைப் பகுதி) வெர்ஷன் எழுதவில்லை. வார் மோஜோவை (பிளகினுக்குள் வாரைக் கட்டும் பகுதி) லோட் செய்ய முடியவில்லை, ட்ரீமேப்பின் கம்பேரட்டர் ஃபீல்டைத் தொட ஜாவா பேஸ் மாட்யூல் அனுமதிக்கவில்லை என்று ஒரு முழம் நீளத்துக்குப் பிழை. படித்தால் நம் கோட்டில் ஏதோ தப்பு என்று தோன்றும், நம் கோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வெர்ஷன் சொல்லாவிட்டால் அந்தப் பழைய மேவன் தனக்குள் குறித்து வைத்திருக்கும் வார் பிளகின் 2.2ஐ எடுத்துக்கொள்ளும். அது உள்ளே எக்ஸ்ஸ்ட்ரீம் லைப்ரரியை வைத்து ஜாவாவின் உள்ளறைகளை எட்டிப் பார்க்கும், ஜாவா 16இலிருந்து அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள். வார் பிளகினுக்கு 3.4.0 என்று ஒரு வரி எழுதியதும் சரியாகிவிட்டது. அன்றைக்கே கம்பைலர், ரிசோர்சஸ், ஷ்யூர்ஃபயர் பிளகின்கள் எல்லாவற்றுக்கும் வெர்ஷன் எழுதி வைத்தேன். மேவனில் வேறு எதைச் சோம்பேறித்தனமாக விட்டாலும் இதை விடாதீர்கள்.

வெப் எக்ஸ்எம்எல் இல்லாத ப்ராஜெக்ட் என்றால் அந்தப் பழைய பிளகின் அதற்கும் சண்டைக்கு வரும். 3.1.0இலிருந்து, சர்வ்லெட் 3.0 அல்லது அதற்குமேல் டிபெண்டன்சி இருப்பதைப் பார்த்தால் தானே அமைதியாகிவிடுகிறது.

அடுத்தது ஸ்கோப், அதாவது ஒரு ஜார் எந்தக் கட்டத்தில் தேவை என்ற குறிப்பு. சர்வ்லெட் ஏபிஐ ஜாரை டாம்கேட்டே வைத்திருக்கிறது, நாம் கம்பைல் செய்ய மட்டும்தான் அது வேண்டும், ஆகவே புரொவைடட் என்று எழுத வேண்டும். மறந்தால் அந்த ஜாரும் வாருக்குள் போய் உட்காரும். டாம்கேட் நல்ல பிள்ளை, ஜார் லோட் செய்யப்படவில்லை, சர்வ்லெட் விதிமுறையைப் பார் என்று லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு ஒதுக்கிவிடும். எல்லா சர்வரும் அப்படிப் பொறுமையாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

இனி சொல்லப்போவது எனக்கு ஒரு முழு நாளைத் தின்றது. எங்கள் அப்ளிகேஷன் ஒரு வெளி சர்வீஸோடு பேசுவதற்கு சான்றிதழும் சாவியும் இருக்கும் ஒரு கீஸ்டோர் ஃபைல், பி12 வகை, ரிசோர்சஸ் ஃபோல்டரில் இருக்கிறது. அதே ஃபோல்டரில் இருக்கும் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல்களில் வெர்ஷன் நம்பரை பில்ட் நேரத்தில் நிரப்ப வேண்டும் என்று ஃபில்டரிங்கை ட்ரூ என்று போட்டேன். பில்ட் பச்சை. டெஸ்ட் பச்சை, ஏனென்றால் டெஸ்ட்டில் அந்த சர்வீஸை மாக் செய்திருக்கிறோம், அதாவது போலி ஒன்றை வைத்திருக்கிறோம். ஒத்திகை சர்வரான ஸ்டேஜிங்கில் வைத்ததும், டெர் இன்புட் ஸ்ட்ரீம், லெங்த்டேக் 111, டூ பிக் என்று ஒரு எக்ஸெப்ஷன். பாஸ்வேர்டு தப்போ என்று பார்த்தேன், சான்றிதழ் காலாவதியோ என்று பார்த்தேன், ஜாவா வெர்ஷனைக்கூட மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஒரிஜினல் ஃபைலையும் வாருக்குள் இருந்த ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் அளவே வேறு என்று தெரிந்தது. ஃபில்டரிங் போட்டால் மேவன் ஃபைலை எழுத்தாகப் படித்து எழுத்தாகத் திரும்ப எழுதும். பைனரி ஃபைலில் எழுத்தாகப் படிக்க முடியாத பைட் வரும் இடத்திலெல்லாம் யூடிஎஃப்-8இன் மாற்றுக்குறி வந்து விழும், அதன் முதல் பைட் ஹெக்ஸில் ஈஎஃப். அந்தப் பைட்டை நீள அடையாளமாக நினைத்து, உச்ச பிட்டை எடுத்துவிட்டுப் பார்த்தால் 6எஃப், அதாவது 111. எக்ஸெப்ஷனிலேயே விடை இருந்திருக்கிறது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை! ஜேபெக், பிஎன்ஜி போன்ற சில படவகைகளை மேவன் தானாகவே விட்டுவிடும், கீஸ்டோரும் ஃபான்ட்டும் அந்தப் பட்டியலில் கிடையாது, நாம்தான் சேர்க்க வேண்டும். அதைவிடச் சுத்தமான வழி, நிரப்ப வேண்டிய ஃபைல்களை மட்டும் தனி ஃபோல்டரில் போட்டு அதற்கு மட்டும் ஃபில்டரிங் வைப்பது. நாங்கள் அதைத்தான் செய்தோம்.

ஒரே லைப்ரரியின் இரண்டு வெர்ஷன்கள் வந்தால் எது லிப்பில் போகும்? மேவனின் பதில், உங்கள் பாம் ஃபைலுக்கு எது கிட்டத்தில் இருக்கிறதோ அது, சம தூரம் என்றால் முதலில் எழுதியது. புதிய வெர்ஷன் என்பதற்காக ஒரு மரியாதையும் கிடையாது. டிபெண்டன்சி இரண்டின் வரிசையை மாற்றி எழுதியதற்காக பழைய வெர்ஷன் ஒன்று உள்ளே வந்து, இல்லாத மெத்தடைக் கூப்பிட்டு ஓடும்போது விழுவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். டிபெண்டன்சி மேனேஜ்மென்ட் பகுதியில் முக்கியமானவற்றின் வெர்ஷனை நாமே கட்டிவைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கிரேடில் இந்தக் கேள்விக்கு நேர் எதிர்ப் பதில் சொல்லும்: எது பெரிய வெர்ஷனோ அது. வெப் அப்ளிகேஷனுக்கு இதுதான் பெரும்பாலும் நாம் எதிர்பார்ப்பது. யாருக்காக எந்த வெர்ஷன் ஜெயித்தது என்று கேட்டால் டிபெண்டன்சி இன்சைட் என்று ஒரு கட்டளை காரணத்தோடு சொல்கிறது, மேவனின் ட்ரீயைவிட எனக்கு அது பிடித்திருந்தது. 2012இல் 1.0 வந்த டூல், அடுத்த வருடம் ஆண்ட்ராய்டு அதை எடுத்துக்கொண்ட பிறகு பெரிதாகப் பரவியது. வேகம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், பொய்யில்லை. முதல் பில்ட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டாவது தடவை, ஒரே ஒரு ஜேஎஸ்பியை மட்டும் மாற்றிவிட்டு அடித்தால், மாறாததை எல்லாம் தொடாமல் சில நொடியில் முடித்துவிடும். மேவனில் எங்களுக்கெல்லாம் பழக்க தோஷத்தில் ஒவ்வொரு தடவையும் கிளீன் சேர்த்தே அடிக்கிற கை, அதனால் ஒரு நிமிடத்துக்கு மேல். அந்தப் பழக்கமும் சும்மா வரவில்லை. பழைய வார் பிளகினில், கிளீன் இல்லாமல் கட்டினால் முந்தின வெர்ஷன் ஜார் டார்கெட்டில் தங்கி, இரண்டும் சேர்ந்து வாருக்குள் போனதெல்லாம் உண்டு.

சரி, கிரேடிலின் கடி எங்கே? வார் பிளகினைப் போட்டால் புரொவைடட்கம்பைல், புரொவைடட்ரன்டைம் என்று இரண்டு பகுதிகள் கிடைக்கும். மேவனின் புரொவைடட் மாதிரிதானே என்று நினைத்து எழுதினேன், மாதிரிதான், அதே அல்ல. எங்கள் டாம்கேட்டின் பொது லிப் ஃபோல்டரில் காமன்ஸ் எச்டிடிபி கிளையன்ட் 3 சீரிஸ் ஜார் ஒன்று கிடக்கிறது, வரலாற்றுக் காரணம், கேட்காதீர்கள். அதைப் புரொவைடட்கம்பைலில் போட்டேன். அது காமன்ஸ் கோடெக்கைச் சார்ந்தது. எங்கள் கோடும் அதே கோடெக்கை நேரடியாகப் பயன்படுத்துகிறது, அதை இம்ப்ளிமென்டேஷனில் தெளிவாக எழுதியும் வைத்திருந்தேன். கம்பைல் ஆயிற்று, வார் வந்தது, சர்வரில் கிளாஸைக் காணோம் என்று விழுந்தது. புரொவைடட் என்று சொன்னதன் வால் முழுவதையும் (அது சார்ந்திருக்கும் ஜார்களையும்) கிரேடில் வாரிலிருந்து கழித்துவிடுகிறது, அந்த வாலில் இருப்பதை நீங்கள் வேறு இடத்தில் வேண்டும் என்று எழுதியிருந்தாலும் சரி. கிரேடில் கையேட்டில் இதே எச்டிடிபி கிளையன்ட், கோடெக் உதாரணத்தோடு இதை எழுதி வைத்திருக்கிறார்கள், பிழை வந்த பிறகு படித்தேன். பெயருக்குப் பின்னால் அட் ஜார் என்று சேர்த்தால் வால் வராது, இல்லையென்றால் கம்பைல்ஒன்லியில் போடலாம். மேவனில் இதே நிலைமையில், நேரடியாக எழுதிய கோடெக் வாருக்குள் போயிருக்கும்.

இது திருத்திக்கொள்ளக்கூடியதுதான். எனக்குக் கிரேடிலோடு உள்ள உண்மையான மனஸ்தாபம் வேறு, அது வருடா வருடம் வீட்டை மாற்றி அடுக்கிக்கொண்டே இருக்கும். கம்பைல் என்று எழுதிய டிபெண்டன்சி எல்லாம் 2021இல் வந்த 7.0இல் செல்லாமல் போயிற்று, இம்ப்ளிமென்டேஷன் என்று மாற்று. ஜாவா 17இல் ஓட 7.3 வேண்டும், ஜாவா 21இல் ஓட 8.5 வேண்டும், இல்லாவிட்டால் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65 என்று புரியாத பாஷையில் திட்டும். டூல்செயின் அமைத்துக்கொண்டால் கிரேடில் ஒரு ஜாவாவிலும் நம் கோட் இன்னொரு ஜாவாவிலும் ஓடலாம், அதையும் யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும். அப்புறம் அந்த பில்ட் ஃபைல் ஒரு முழு ப்ரோக்ராம். குரூவியிலோ கோட்லினிலோ என்ன வேண்டுமானாலும் எழுதலாம், எழுதியும்விடுவார்கள். முன்பு ஒரு இடத்தில் நான் பார்த்த கிரேடில் பில்ட் ஃபைலில் இஃப் எல்ஸ் நாலு அடுக்கு, வாரின் பெயரை முடிவு செய்ய மட்டும். எங்கள் ஆயிரம் வரி ஆன்ட் ஃபைல் மறுபிறவி எடுத்து வந்த மாதிரி இருந்தது.

ஆனால் உங்களிடம் இருபது முப்பது மாட்யூல், நாளைக்குப் பத்துத் தடவை எல்லோரும் பில்ட் அடிக்கிறார்கள், பில்ட்டுக்கென்று பொறுப்பெடுத்துக்கொள்ள ஒரு ஆளும் இருக்கிறார் என்றால் தயங்காமல் கிரேடில். ஒருவர் கட்டியதை இன்னொருவரின் மெஷினில் திரும்பக் கட்டாமல் எடுத்துக்கொள்ளும் பில்ட் கேஷ் ஒன்றே அந்த அளவில் விலையைக் கொடுத்துவிடும். ஆண்ட்ராய்டு ஆப்பும் அதே ரெப்போவில் இருந்தால் கேள்வியே இல்லை. எங்களிடம் இருப்பது இரண்டு மாட்யூல், ஐந்து பேர், பில்ட் ஃபைலை வருடத்தில் நாலு தடவை தொட்டால் அதிகம். நாலு மாதம் கழித்துத் திறக்கும்போது மறந்துபோயிருக்கும், அப்போது எல்லாரும் எழுதுவது போலவே எழுதப்பட்ட ஒரு ஃபைல் இருந்தால் போதும் எனக்கு.

கிரேடில் கோஷ்டியில் ஒருவர் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார்: இந்தக் காலத்தில் வாரே எதற்கு, ஸ்பிரிங் பூட் ஜாராக்கிவிட்டால் இந்த லிப் தகராறே இருக்காதே? 2014இல் ஸ்பிரிங் பூட் 1.0 வந்த பிறகு பலரும் போன பாதைதான் அது, டாம்கேட்டையே ஜாருக்குள் வைத்துக்கொண்டு ஜாவா மைனஸ் ஜார் என்று ஓட்டுவது. சர்வரில் எந்த டாம்கேட், அதன் பொது லிப்பில் எந்தக் காலத்து ஜார் என்ற கவலை போய்விடும், எங்கள் எச்டிடிபி கிளையன்ட் கதை அங்கே நடக்கவே நடக்காது. புதிதாகத் தொடங்கும் ப்ராஜெக்ட் என்றால் நானும் அதையே சொல்வேன். எங்கள் சர்வர் எங்கள் கையில் இல்லை, வாடிக்கையாளரின் ஆட்கள்தான் டாம்கேட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள், வார் கொடுங்கள், வைக்கிறோம் என்பதுதான் ஒப்பந்தம். உங்களுக்கும் அப்படி என்றால் பேச்சு அங்கே முடிந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் உண்டு. ஸ்பிரிங் பூட்டில் பேக்கேஜிங்கை வார் என்று போட்டு, உள்ளே வரும் டாம்கேட்டைப் புரொவைடட் ஆக்கினால், அது வெப்-இன்ஃபுக்குள் லிப்-புரொவைடட் என்ற தனி ஃபோல்டருக்குப் போய்விடும். அந்த ஒரே வார் தனியாகவும் ஓடும், டாம்கேட்டில் வைத்தாலும் ஓடும், சர்வ்லெட் இனிஷியலைசர் கிளாஸ் ஒன்றை மட்டும் நாம் எழுதிக்கொடுக்க வேண்டும்.

பூட் ஜார் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிரேடிலில் பூட் 2.5இலிருந்து, ஓடக்கூடிய ஜாரோடு பெயரில் ப்ளெய்ன் என்று ஒட்டிய இன்னொரு ஜாரும் பில்ட் லிப்ஸ் ஃபோல்டரில் வந்து உட்காரும். ஸ்டார் டாட் ஜார் என்று காப்பி செய்யும் பழைய டிப்ளாய் ஸ்க்ரிப்ட் ப்ளெய்னை எடுத்துக்கொண்டு போனால், மெயின் மேனிஃபெஸ்ட் ஆட்ரிபியூட் இல்லை என்று சர்வரில் வந்து நிற்கும். ஜார் டாஸ்க்கை டிஸேபிள் செய்தால் அது வராது. அப்ளிகேஷனை அதன் சூழலோடு சேர்த்துப் பொதியும் டாக்கர் இமேஜுக்குப் போகிறவர்கள் பூட் 2.3இல் வந்த லேயர் வசதியையோ கூகுளின் ஜிப் பிளகினையோ பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு வரி மாற்றினாலும் மொத்த ஜாரும் ஒரே லேயராகத் திரும்பத் திரும்ப ரிஜிஸ்ட்ரிக்கு ஏறும். இரண்டும் மேவனிலும் உண்டு, கிரேடிலிலும் உண்டு, ஆகவே டூலைத் தேர்ந்தெடுக்க அது காரணமாகாது.

பேச்சோடு பேச்சாக டாம்கேட் 10க்கும் போய்விடலாமே என்ற யோசனையும் வந்தது. வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். சர்வர் ஜாவாவுக்கான விதிமுறைத் தொகுப்பாக 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா ஈஈ 9இல் ஜாவாக்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறிவிட்டன. டாம்கேட் 9 பழைய பெயர், 10 புதிய பெயர், ஸ்பிரிங் பூட் 3க்கும் புதிய பெயர்தான், கூடவே ஜாவா 17. பில்ட் டூலையும் மாற்றி, பேக்கேஜ் பெயரையும் அதே மாதத்தில் மாற்றினால், சர்வரில் கிளாஸைக் காணோம் என்று ஒரு பிழை வரும்போது எந்த மாற்றத்தால் வந்தது என்று கண்டுபிடிக்க ஜோசியரிடம்தான் போக வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு மற்றது. நடுவில் டாம்கேட் 10 வந்தே தீர வேண்டும் என்றால், அதன் வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ ஃபோல்டரில் பழைய வாரை வைத்தால் அதுவே பெயர்களை மாற்றி எடுத்துக்கொள்ளும், கொஞ்ச காலம் தள்ளலாம்.

கடைசி இரண்டு நாள் நான் செய்தது ஒரே வேலை. ஆன்ட் கட்டிய வாரையும் மேவன் கட்டிய வாரையும் திறந்து, லிப் ஃபோல்டரில் இருப்பதைப் பெயர்ப் பட்டியலாக எடுத்து, வரிசைப்படுத்தி, வித்தியாசம் பார்க்க டிஃப் போட்டேன். எந்த டூலுக்குப் போனாலும் இந்த டிஃப்பைப் போடாமல் பழையதை நிறுத்தாதீர்கள். ஆன்ட் வாரில் இருபத்துச் சொச்சம் ஜார்கள் கூடுதல். பெரும்பாலானவை யாரும் தொடாத குப்பை, ஜேயூனிட் உட்பட! இத்தனை வருடமாக டெஸ்ட் லைப்ரரியை ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம். மூன்றை மட்டும் குப்பை என்று ஒதுக்க முடியவில்லை. அதில் ஒன்று டேட்டாபேஸ் டிரைவர். கோட்டில் எங்கேயும் இம்போர்ட் கிடையாது, ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் கிளாஸ் பெயரை எழுதி ஓடும்போது லோட் செய்கிறோம், ஆகவே அது இல்லாமலே கம்பைல் ஆனது, டெஸ்ட்டும் வேறு டேட்டாபேஸை வைத்து ஓடிவிட்டது. இரண்டாவது, பிடிஎஃப் ரிப்போர்ட்டுக்கு வேண்டிய ஃபான்ட் ஜார், அதே கதை. இரண்டையும் ரன்டைம் ஸ்கோப்பில் சேர்த்தேன். மூன்றாவதின் பெயர் வெறும் யூட்டில்ஸ். மேனிஃபெஸ்ட்டில் ஒன்றுமில்லை, பொது ரெப்பாசிட்டரியான சென்ட்ரலில் இல்லை, உள்ளே ஆறு கிளாஸ், அதில் ஒன்று எண்ணை ரூபாய் எழுத்தாக மாற்றுகிறது. சோர்ஸ் யாரிடமும் இல்லை. எங்கள் உள் ரெப்பாசிட்டரியில் 1.0 என்று நாங்களே ஒரு வெர்ஷன் கொடுத்து ஏற்றிவிட்டு, பாம் ஃபைலில் அதன் மேல் ஒரு கமென்ட் எழுதி வைத்திருக்கிறேன்: இதை எடுக்கும் முன் இன்வாய்ஸ் ஒன்றை பிரின்ட் எடுத்துப் பார்க்கவும்.